கரண்ட் போனா ஃபைல் என்ன ஆகும்? ஃபைல் சிஸ்டம் ஜர்னலிங் பத்தி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டிஸ்க்ல ஃபைல்களை எங்க, எப்படி வைக்கணும்னு பார்த்துக்கிறதுதான் ஃபைல் சிஸ்டம். முக்கியமா லினக்ஸ்ல இருக்கிற எக்ஸ்ட்3, எக்ஸ்ட்4ங்கிற ரெண்டு ஃபைல் சிஸ்டத்தை வச்சுத்தான் சொல்லப்போறேன், விண்டோஸ், மேக் நடுவுல வந்து போகும். ஜர்னல் இருக்கு, அதனால என் ஃபைலுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு நம்பி டேட்டாவை இழந்தவங்களை நிறைய பார்த்துட்டேன், நானும் ஒரு தடவை இழந்திருக்கேன். அந்த நம்பிக்கை எதுவரைக்கும் சரி, எங்க தப்புன்னு புரியணும்னுதான் இவ்வளவு நீளமா எழுதறேன்.

கே: ஜர்னல்னா என்ன, ஒரே வார்த்தையில சொல்ல முடியுமா?

குறிப்பேடு. ப்ளஸ் ஒன்ல காமர்ஸ் எடுத்தவங்களுக்கு குறிப்பேடு, பேரேடு ரெண்டும் தெரிஞ்சிருக்கும், அன்னன்னைக்கு நடந்த கொடுக்கல் வாங்கலை நடந்த வரிசையிலேயே குறிப்பேட்டுல போட்டுட்டு அப்புறமா அதைப் பார்த்து பேரேட்டுல அந்தந்த கணக்குல எடுத்து எழுதுவோம். குறிப்பேட்டுக்கு இங்கிலீஷ்ல ஜர்னல்னுதான் பேரு. ஃபைல் சிஸ்டமும் இதையேதான் பண்ணுது: டிஸ்க்ல ஒரு ஓரமா கொஞ்சம் இடத்தை ஒதுக்கி வச்சுக்கிட்டு, எந்தெந்த பிளாக்கை (டிஸ்க் இடத்தைப் பிரிச்சு வச்சிருக்கிற சின்ன துண்டை) எப்படி மாத்தப்போறேன்னு முதல்ல அங்க எழுதி முடிச்சுட்டு அதுக்கப்புறம்தான் நிஜ இடத்துல கை வைக்கும். பேரேட்டுல பாதி எழுதிட்டு இருக்கும்போது கரண்ட் போனா குறிப்பேட்டைப் பார்த்து மறுபடி எழுதிக்கலாம். குறிப்பேட்டுலேயே பாதியில நின்னுபோச்சுன்னா அந்தப் பதிவை விட்டுடலாம், ஏன்னா பேரேட்டுல இன்னும் யாரும் கையே வைக்கல, பழைய நிலைமையில ஒழுங்கா இருக்கு.

கே: நேரா டிஸ்க்ல எழுதிட்டா என்ன, எதுக்கு இந்த சுத்து?

ஒரு ஃபைலோட கடைசியில 4 கேபி சேர்க்கறீங்கன்னு வச்சுக்கோங்க. உங்களுக்கு அது ஒரு வேலை, டிஸ்குக்கு அது குறைஞ்சது மூணு வேலை. ஒண்ணு அந்த 4 கேபி டேட்டாவை ஒரு காலி பிளாக்ல எழுதணும். ரெண்டு, எந்த பிளாக் காலி எது நிரம்பினதுன்னு கணக்கு வச்சிருக்கிற பிட்மேப்ல அந்த பிளாக் இனிமே காலி இல்லன்னு குறிக்கணும். மூணு, ஃபைலோட ஐநோட்ல, அதாவது ஃபைலோட அளவு, ஓனர், டேட்டா எங்க இருக்குங்கிற விவரமெல்லாம் இருக்கிற சின்ன பதிவுல, புது அளவையும் புது பிளாக் நம்பரையும் போடணும். இந்த மூணும் டிஸ்க்ல வேற வேற இடத்துல இருக்கு, ஒரே நேரத்துல எழுத முடியாது, எந்த வரிசையில எழுதப்படும்னும் சொல்ல முடியாது ஏன்னா வேகத்துக்காக கெர்னலும் (ஆப்பரேட்டிங் சிஸ்டத்தோட மையப் பகுதி) டிஸ்கும் வரிசையை மாத்திக்கும்.

இப்ப நடுவுல கரண்ட் போகுது. பிட்மேப் மட்டும் எழுதியிருந்தா ஒரு பிளாக் யாருக்கும் பயன்படாம போச்சு, பரவால்ல. ஐநோட் மட்டும் எழுதியிருந்தா அந்த ஃபைலைத் திறந்தா அந்த பிளாக்ல முன்னாடி இருந்த ஏதோ பழைய குப்பை தெரியும், அது வேற ஒருத்தர் அழிச்ச ஃபைலோட துண்டாக்கூட இருக்கலாம். அதைவிட மோசம், பிட்மேப்ல அது இன்னும் காலின்னுதான் இருக்கு, அதனால அடுத்து வர்ற வேற ஃபைலுக்கும் அதே பிளாக்கைக் கொடுத்துடும். ரெண்டு ஃபைல் ஒரே பிளாக்ல உட்கார்ந்துக்கிட்டு ஒண்ணை ஒண்ணு அழிச்சுக்கிட்டே இருக்கும், கரண்ட் போய் பத்து நாள் கழிச்சுக்கூட டேட்டா கெட்டுட்டே இருக்கும். நான் உண்மையிலேயே பயப்படறது இந்தக் கடைசி நிலைமைக்குத்தான்.

கே: ஜர்னல் வர்றதுக்கு முன்னாடி இதை எப்படி சமாளிச்சாங்க?

எஃப்எஸ்சிகே, அதாவது ஃபைல் சிஸ்டத்தை சோதிச்சு சரி பண்ற புரோகிராம். எக்ஸ்ட்3க்கு முன்னாடி இருந்த, ஜர்னல் இல்லாத எக்ஸ்ட்2 காலத்துல மிஷின் ஒழுங்கா ஷட்டவுன் ஆகலன்னா அடுத்த பூட்ல அது தானா ஓடும். எல்லா ஐநோட்டையும் படிச்சு, எல்லா டைரக்டரியையும் படிச்சு, லிங்க் கணக்கை (ஒரு ஃபைலுக்கு எத்தனை பேர் இருக்குங்கிறதை) பார்த்து, கடைசியில பிட்மேப்போட ஒப்பிட்டு சரி பண்ணும், மொத்தம் அஞ்சு சுற்று. பேர் தெரியாத ஃபைல்களை லாஸ்ட்+ஃபவுண்டுங்கிற டைரக்டரியில போட்டு வைக்கும். பிரச்சனை என்னன்னா, கரண்ட் போனப்ப மாறிட்டு இருந்தது ரெண்டே ரெண்டு பிளாக்கா இருந்தாலும் எஃப்எஸ்சிகேவுக்கு அது எதுன்னு தெரியாது, அதனால டிஸ்க் முழுக்க தேடணும். டிஸ்க் பெருசாக பெருசாக நேரமும் ஏறிட்டே போகும், பெரிய சர்வர்ல மணிக்கணக்குல ஸ்கிரீனைப் பார்த்துட்டே உட்கார்ந்திருக்கணும். ஜர்னல் இருந்தா, டிஸ்க் எவ்வளவு பெருசா இருந்தாலும் ஜர்னலை மட்டும் படிச்சா போதும், சில வினாடியில முடிஞ்சுடும்.

கே: இதை யார் கண்டுபிடிச்சது?

மூல யோசனை டேட்டாபேஸ் ஆளுங்களோடது, முதல்ல லாக் அப்புறம் எழுத்துங்கிறது அங்க ரொம்ப நாளா இருந்த பழக்கம். ஃபைல் சிஸ்டத்துக்கு அதைக் கொண்டு வந்ததுல ஜெராக்ஸ் பார்க் ஆய்வுக்கூடத்துல ராபர்ட் ஹாக்மன் 1987ல சீடர் ஃபைல் சிஸ்டத்துக்கு பண்ண வேலை முக்கியமானது. 1990ல ஐபிஎம்மோட ஏஐஎக்ஸ் ஆப்பரேட்டிங் சிஸ்டத்துல ஜர்னல் வச்ச ஜேஎஃப்எஸ் வந்துச்சு, 1993ல விண்டோஸ் என்டியோட என்டிஎஃப்எஸ், அடுத்த வருஷம் எஸ்ஜிஐயோட எக்ஸ்எஃப்எஸ். லினக்ஸுக்கு ஸ்டீபன் ட்வீடி 1998ல எக்ஸ்ட்2க்கு எப்படி ஜர்னல் சேர்க்கலாம்னு கட்டுரை எழுதினாரு, அதுதான் எக்ஸ்ட்3யா 2001 கடைசியில கெர்னல் 2.4.15ல உள்ள வந்துச்சு. அதே வருஷ ஆரம்பத்துல ரெய்சர்எஃப்எஸ்ங்கிற இன்னொரு ஜர்னல் ஃபைல் சிஸ்டம் வந்திருந்தாலும் பெரும்பாலானவங்க எக்ஸ்ட்3க்குத்தான் போனாங்க, காரணம் இருக்கிற எக்ஸ்ட்2 டிஸ்கை ஃபார்மட் பண்ண வேண்டாம், ட்யூன்2எஃப்எஸ் கமாண்ட்ல ஒரே ஒரு ஆப்ஷன் கொடுத்தா ஜர்னல் சேர்ந்துடும். எக்ஸ்ட்4 2008 டிசம்பர்ல கெர்னல் 2.6.28ல வந்துச்சு.

கே: உள்ளுக்குள்ள படிப்படியா என்ன நடக்குது?

எக்ஸ்ட்4ல ஜேபிடி2ன்னு தனியா ஒரு பகுதி இந்த வேலையைப் பார்க்குது. ஒவ்வொரு மாத்தத்துக்கும் தனித்தனியா எழுதாம, கொஞ்ச நேரத்துல நடந்த எல்லா மாத்தத்தையும் ஒரே மூட்டையா கட்டும், அதுக்கு டிரான்ஸாக்‌ஷன்னு பேரு. வழக்கமா 5 வினாடிக்கு ஒரு மூட்டை, நடுவுல ஏதாவது புரோகிராம் எஃப்சிங்க் (இந்த ஃபைலை இப்பவே டிஸ்க்ல எழுதுங்கிற உத்தரவு) கேட்டா உடனே.

மூட்டை ஜர்னலுக்குப் போகும்போது முதல்ல ஒரு டிஸ்கிரிப்டர் பிளாக், அதுல பின்னாடி வர்ற பிளாக்கெல்லாம் டிஸ்க்ல எந்தெந்த நம்பருக்குப் போகணும்னு பட்டியல் இருக்கும். அப்புறம் மாறின பிளாக்குகளோட முழு நகல். ஒரு பிட் மாறியிருந்தாலும் 4 கேபி பிளாக் முழுசாத்தான் போகும் (எக்ஸ்எஃப்எஸ் இப்படி பண்ணாது, மாறின பகுதியை மட்டும் எழுதும்). இதெல்லாம் டிஸ்க்ல நிஜமாவே பதிஞ்சுடுச்சுன்னு உறுதி பண்ணிக்கிட்டு கடைசியா ஒரு கமிட் பிளாக். இந்த கமிட் பிளாக்தான் எல்லாமே. அது இருந்தா மூட்டை செல்லும், இல்லன்னா செல்லாது, நடுவுல ஒரு நிலைமை கிடையாது.

கமிட் ஆனதுக்கப்புறம் அவசரமில்லாம அந்த பிளாக்குகளை அதோட சொந்த இடத்துல எழுதும், இதை செக்பாயிண்ட்னு சொல்வாங்க. எல்லாம் எழுதி முடிஞ்சா ஜர்னல்ல அந்த இடம் காலி, அடுத்த மூட்டைக்குப் பயன்படும். ஜர்னல் வட்டமா சுத்தி சுத்தி வர்றதால அது நிரம்பி வழியறதில்ல, ஆனா செக்பாயிண்ட் பின்தங்கினா புது எழுத்தெல்லாம் காத்திருக்கணும், சின்ன ஜர்னல் வச்சிருக்கிற பிஸியான சர்வர் திடீர்னு திக்கித் திக்கி நிக்கறதுக்கு இதுவும் ஒரு காரணம்.

கே: மறுபடி ஆன் பண்ணும்போது?

மவுண்ட் பண்ணும்போதே, அதாவது டிஸ்கைப் பயன்படுத்த இணைக்கும்போதே, ஜர்னல் காலியா இல்லையான்னு பார்க்கும். இல்லன்னா மூணு தடவை ஓடும்: முதல் தடவை கடைசியா முழுசா கமிட் ஆன மூட்டை எதுன்னு கண்டுபிடிக்கும், ரெண்டாவது தடவை எதையெல்லாம் திருப்பி எழுதக்கூடாதுன்னு பட்டியல் எடுக்கும், மூணாவது தடவை மீதியை அதோட இடத்துல எழுதும். நடுவுல மறுபடியும் கரண்ட் போனாலும் கவலை இல்ல, அதே நகலை அதே இடத்துல எத்தனை தடவை எழுதினாலும் முடிவு ஒண்ணுதான். கெர்னல் மெசேஜ்ல ரெகவரி கம்ப்ளீட்னு ஒரு வரி வரும், அதைப் பார்த்து பயப்பட வேண்டாம், வேலை ஒழுங்கா நடந்திருக்குன்னு அர்த்தம்.

கே: அந்த "திருப்பி எழுதக்கூடாத" பட்டியல் எதுக்கு?

நல்ல கேள்வி, இது எனக்கு ரொம்ப நாள் புரியாம இருந்துச்சு. ஒரு டைரக்டரியோட பிளாக் ஜர்னல்ல போயிருக்கு. அப்புறம் நீங்க அந்த டைரக்டரியை அழிச்சுட்டீங்க, பிளாக் காலியாச்சு, அதே பிளாக்கை ஒரு போட்டோ ஃபைலுக்கு கொடுத்துடுச்சு, போட்டோ டேட்டா நேரா அங்க எழுதப்பட்டுடுச்சு (டேட்டா ஜர்னல் வழியா போறதில்ல, கீழ சொல்றேன்). இப்ப கரண்ட் போய் வந்தா ஜர்னல்ல இருக்கிற பழைய டைரக்டரி நகலை எடுத்து போட்டோ மேல எழுதிடும்! அது நடக்காம இருக்கத்தான் பிளாக்கை விடுவிக்கும்போதே ஜர்னல்ல ரிவோக்னு ஒரு பதிவு போட்டு வைக்குது, இந்த பிளாக்கோட பழைய நகலை இனிமே தொடாதேன்னு.

கே: அப்போ என் டேட்டா ஜர்னல்ல இருக்காதா?

இருக்காது. இதைத்தான் நான் எல்லார்கிட்டயும் திரும்பத் திரும்ப சொல்றேன். வழக்கமான செட்டிங்ல ஜர்னலுக்குப் போறது மெட்டாடேட்டா மட்டும்தான், அதாவது ஐநோட், பிட்மேப், டைரக்டரி இந்த மாதிரி கணக்கு வழக்கு. நீங்க டைப் பண்ண கடிதம், எடுத்த போட்டோ, பில்லிங் டேட்டா எதுவும் அதுல இல்ல. என்டிஎஃப்எஸ்லயும் இதே கதைதான். ஜர்னல் காப்பாத்தறது ஃபைல் சிஸ்டத்தோட கட்டமைப்பை.

எக்ஸ்ட்3, எக்ஸ்ட்4ல மூணு விதம் வச்சிருக்காங்க. ஆர்டர்டு, இதுதான் வழக்கமா வர்றது: டேட்டா நேரா அதோட இடத்துக்குப் போகும், ஆனா அது போய்ச் சேர்ந்த பிறகுதான் மெட்டாடேட்டா கமிட் ஆகும், அதனால ஃபைலுக்குள்ள அடுத்தவங்க பழைய குப்பை தெரியாது. ரைட்பேக்: வரிசையே கிடையாது, வேகம் அதிகம், குப்பை தெரிய வாய்ப்பிருக்கு. ஜர்னல்: டேட்டாவும் குறிப்பேட்டுல போகும், எல்லாமே ரெண்டு தடவை எழுதப்படும், பெரிய ஃபைல் எழுதும்போது வேகம் நல்லாவே அடிவாங்கும். காரணம் தெளிவா தெரிஞ்சாலே ஒழிய ஆர்டர்டை மாத்தாதீங்க.

கே: சேவ் பண்ணேன், கரண்ட் போச்சு, வந்து பார்த்தா ஃபைல் 0 பைட். ஜர்னல் இருந்தும் ஏன்?

எனக்கும் இது நடந்திருக்கு. ஒரு செட்டிங் ஃபைலை நான் எழுதின ஸ்கிரிப்ட் ஒண்ணு அடிக்கடி திருப்பி எழுதிட்டு இருந்துச்சு, ஒரு நாள் கரண்ட் போய் வந்தப்ப பழசும் இல்ல புதுசும் இல்ல, வெறும் காலி ஃபைல். எஃப்எஸ்சிகே ஓட்டினா எல்லாம் சுத்தம்னு சொல்லுது. அது சொன்னதும் சரிதான், கட்டமைப்பு சுத்தம், 0 பைட் ஃபைலும் ஒழுங்கான ஃபைல்தானே.

காரணம் என்னன்னா எக்ஸ்ட்4ல டேட்டாவுக்கு உடனே பிளாக் ஒதுக்கறதில்ல, கொஞ்சம் தள்ளிப்போட்டு மொத்தமா ஒதுக்கினா ஃபைல் துண்டு துண்டா ஆகாதுன்னு காத்திருக்கும், லினக்ஸ்ல வழக்கமா அழுக்கான பேஜ் (மாறியும் இன்னும் டிஸ்க்ல எழுதப்படாத மெமரி துண்டு) 30 வினாடி வரைக்கும் மெமரியிலேயே கிடக்கலாம். என் ஸ்கிரிப்ட் மாதிரி ஃபைலைத் திருப்பி எழுதறப்ப முதல்ல பழசை காலி பண்ணிட்டுத்தான் புதுசை எழுதும். ஆனா ஃபைலை காலி பண்ணது மெட்டாடேட்டா, அது 5 வினாடியில கமிட் ஆயிடும். ஆக காலி பண்ணது டிஸ்க்ல இருக்கு, புது டேட்டா மெமரியில இருக்கு, நடுவுல கரண்ட் போனா 0 பைட்.

2009 ஆரம்பத்துல உபுண்டு 9.04 வெளிவர்றதுக்கு முன்னாடி சோதனை பண்ணவங்களுக்கு இதுதான் நடந்துச்சு, மிஷின் கிராஷ் ஆகி வந்தா கேடிஈ டெஸ்க்டாப்போட செட்டிங் ஃபைல்கள் எல்லாம் காலி. பெரிய சண்டையே வந்துச்சு. எக்ஸ்ட்4ஐ கவனிச்சுட்டு இருந்த தியோடர் சோ, டிஸ்க்ல போய்ச் சேரணும்னா புரோகிராம் எஃப்சிங்க் கூப்பிடணும், பாசிக்ஸ் (யூனிக்ஸ் மாதிரி சிஸ்டங்களுக்கான பொதுத் தரம்) விதி அதுதான்னு சொன்னாரு. புரோகிராம் எழுதறவங்க, எக்ஸ்ட்3ல இப்படி ஆகலயேன்னாங்க. ரெண்டு பக்கமும் நியாயம் இருக்குன்னுதான் எனக்குத் தோணுது, ஏன்னா எக்ஸ்ட்3ல எஃப்சிங்க் கூப்பிட்டா அந்த ஒரு ஃபைல் மட்டும் போகாது, ஃபைல் சிஸ்டத்துல காத்திருக்கிற எல்லா டேட்டாவும் சேர்ந்து போகும், அதனால மிஷினே சில வினாடி உறைஞ்சு நிக்கும். 2008ல ஃபயர்பாக்ஸ் 3ல இது பெரிய புகாரா வந்துச்சு. அந்த அனுபவத்துல எஃப்சிங்க்னாலே ஒதுங்கப் பழகினவங்க கிட்ட அடுத்த வருஷமே எஃப்சிங்க் ஏன் கூப்பிடலன்னு கேட்டா கோபம் வரத்தானே செய்யும். கடைசியில கெர்னல் 2.6.30ல, பழைய ஃபைல் மேல புதுசை ரீநேம் பண்ணாலோ காலி பண்ணி எழுதினாலோ டேட்டாவைத் தள்ளிப்போடாம உடனே ஒதுக்கற மாதிரி மாத்தினாங்க. அது ஆபத்தைக் குறைக்குது, உத்தரவாதம் தரல.

கே: அப்போ புரோகிராம்ல எப்படித்தான் பாதுகாப்பா எழுதறது?

இருக்கிற ஃபைலைத் தொடாதீங்க. அதே டைரக்டரியில தற்காலிகமா வேற பேர்ல புது ஃபைல் எழுதுங்க, அதுக்கு எஃப்சிங்க் கூப்பிடுங்க, அது எரர் தரலன்னு பாருங்க, அப்புறம் பழைய பேருக்கு ரீநேம் பண்ணுங்க, கடைசியா டைரக்டரிக்கும் ஒரு எஃப்சிங்க். எப்ப கரண்ட் போனாலும் பழைய ஃபைல் முழுசா இருக்கும் இல்ல புது ஃபைல் முழுசா இருக்கும். என் ஸ்கிரிப்டை இப்படி மாத்தினதுக்கு அப்புறம் அந்தப் பிரச்சனை திரும்ப வரல. எஃப்சிங்க் எரர் தந்துச்சுன்னா மறுபடி கூப்பிட்டு அது சரின்னு சொன்னதை நம்பாதீங்க, முதல் தடவையே கெர்னல் அந்த டேட்டாவை கைவிட்டிருக்கலாம். 2018ல போஸ்ட்கிரெஸ்ங்கிற டேட்டாபேஸை எழுதற ஆளுங்க இதைக் கண்டு அதிர்ந்து போய் தங்களோட கோடையே மாத்தினாங்க.

கே: டேட்டாபேஸ்ல ஏற்கனவே லாக் இருக்கே, கீழ ஃபைல் சிஸ்டத்துலயும் ஜர்னல் எதுக்கு?

ரெண்டும் வேற வேற விஷயத்தைக் காக்குது. ஒரு கணக்குல இருந்து 500 ரூபாய் எடுத்து இன்னொரு கணக்குல போடறது ஒரே வேலைன்னு எக்ஸ்ட்4க்குத் தெரியாது, போஸ்ட்கிரெஸுக்கும் எஸ்கியூலைட்டுக்கும் தெரியும். ஃபைலோட பிளாக் எங்க இருக்குன்னு அதுகளுக்குத் தெரியாது, எக்ஸ்ட்4க்குத் தெரியும். ஒண்ணை வச்சுட்டு இன்னொண்ணை எடுக்க முடியாது.

கே: டிஸ்கே பொய் சொன்னா?

சொல்லும். டிஸ்குக்குள்ள தனியா ஒரு கேஷ் மெமரி இருக்கு, அதுல விழுந்ததுமே எழுதிட்டேன்னு பதில் கொடுத்துடும். அப்போ கமிட் பிளாக் முன்னாடி பதிஞ்சு மத்ததெல்லாம் பின்னாடி பதிய வாய்ப்பிருக்கு, அப்படி ஆனா ஜர்னலே குப்பையை எடுத்து எழுதும். இதைத் தடுக்கத்தான் கமிட்டுக்கு முன்னாடி கேஷை காலி பண்ணுன்னு டிஸ்குக்கு உத்தரவு போகுது, பேரியர்னு பேரு, எக்ஸ்ட்4ல வழக்கமாவே ஆன்ல இருக்கும். வேகம் வரும்னு யாராவது நோபேரியர் போடச் சொன்னா, கரண்ட் போனாலும் கேஷைக் காப்பாத்தற பேட்டரி கண்ட்ரோலர்லயோ கெபாசிட்டர் எஸ்எஸ்டிலயோ இருக்கான்னு முதல்ல கேளுங்க. அந்த உத்தரவையே மதிக்காத மலிவான டிஸ்க்குக்கு ஃபைல் சிஸ்டம் ஒண்ணும் பண்ண முடியாது, அங்க யுபிஎஸ்தான் துணை.

கே: பென்டிரைவ்ல ஜர்னல் இருக்கா?

கடையில வாங்கினபடியே இருந்தா ஃபேட்32 இல்லன்னா எக்ஸ்ஃபேட், ரெண்டுலயும் கிடையாது. அதனாலதான் இஜெக்ட் பண்ணாம பிடுங்காதீங்கன்னு சொல்றது.

கே: எஸ்எஸ்டி தேஞ்சு போயிடும், ஜர்னலை ஆஃப் பண்ணலாமா?

வேண்டாம். மெட்டாடேட்டா மட்டும் போறதால அந்த எழுத்து அவ்வளவு பெருசில்ல. எக்ஸ்ட்4ஐ ஜர்னல் இல்லாம ஓட்டற வசதி இருக்கு, கூகுள்காரங்க கொண்டு வந்தது, 2009ல கெர்னல் 2.6.29ல சேர்ந்துச்சு. ஒரே டேட்டாவை பல மிஷின்ல நகல் வச்சிருக்கிறவங்களுக்கு ஒரு மிஷின் போனா தூக்கிப் போட்டுட்டு அடுத்ததுல இருந்து எடுத்துக்கலாம். வீட்டுல ஒரே லேப்டாப் வச்சிருக்கிறவங்க நிலைமை அது இல்ல.

கே: பிடிஆர்எஃப்எஸ், இசட்எஃப்எஸ் மாதிரி ஃபைல் சிஸ்டத்துல ஜர்னல் இல்லன்னு சொல்றாங்களே?

அதுல வழியே வேற, இருக்கிற பிளாக் மேல எழுதாம புது இடத்துல எழுதிட்டு கடைசியா மேல இருக்கிற ஒரே ஒரு சுட்டியை மாத்தும். பழசு அப்படியே இருக்கிறதால குறிப்பேடு தேவைப்படல. எஃப்சிங்க் வேகத்துக்காக மட்டும் சின்னதா ஒரு லாக் வச்சிருக்காங்க. ஆப்பிளும் 2017ல ஜர்னல் வச்ச எச்எஃப்எஸ் ப்ளஸ்ஸை விட்டுட்டு இந்தப் பக்கம் ஏபிஎஃப்எஸ்ஸுக்கு வந்துட்டாங்க.

கே: கெட்டுப்போன டிஸ்கை ரீட் ஒன்லியா மவுண்ட் பண்ணா எதுவும் மாறாதுதானே?

மாறும், நிறைய பேர் இங்கதான் மாட்டிக்கறாங்க. ரீட் ஒன்லின்னு சொன்னாலும் எக்ஸ்ட்4 முதல்ல ஜர்னலைத் திருப்பி எழுதிட்டுத்தான் மவுண்ட் ஆகும். அழிஞ்ச ஃபைலை மீட்கணும்னா ஜர்னலைத் திருப்பி எழுதாதேன்னு சொல்ற நோலோடு ஆப்ஷனும் சேர்த்துக் கொடுங்க, அதைவிட நல்லது டிஸ்கை முழுசா இமேஜ் எடுத்துட்டு அந்த நகல்ல வேலை பார்க்கறது. ஜர்னல்ல பழைய ஐநோட் நகல் மிச்சம் இருந்தா எக்ஸ்ட்அண்டெலீட் மாதிரி டூல்கள் அதை வச்சு ஃபைலை மீட்டிருக்கு, ஆனா ஜர்னல் சுத்தி வந்து மேல எழுதிட்டா அதுவும் போச்சு.

கே: ஓடிட்டு இருக்கும்போதே "அபார்ட்டிங் ஜர்னல்"னு மெசேஜ் வந்து எல்லாம் ரீட் ஒன்லி ஆயிடுச்சு, என்ன பண்றது?

ஜர்னல்லயே எழுத முடியாமப் போனா, இதுக்கு மேல எதையும் மாத்தினா ஆபத்துன்னு ஃபைல் சிஸ்டம் தானா நிறுத்திக்குது. பெரும்பாலும் டிஸ்க் சாகப்போகுது, இல்லன்னா கேபிள், பவர் சப்ளை கோளாறு. ரீமவுண்ட் பண்ணி வேலையைத் தொடராதீங்க, எஃப்எஸ்சிகேவும் உடனே ஓட்டாதீங்க, சாகிற டிஸ்க்ல அது எழுத எழுத மிச்சமிருக்கிறதும் கெடும். முதல்ல முக்கியமான ஃபைல்களை வேற டிஸ்குக்கு காப்பி எடுங்க, அப்புறம் கெர்னல் மெசேஜ்ல மேல போய் ஐஓ எரர் எந்த டிஸ்க்லன்னு பாருங்க, ஸ்மார்ட் ரிப்போர்ட்டையும் (டிஸ்க் தன்னோட நிலைமையைப் பத்தி தானே வச்சிருக்கிற பதிவு) பாருங்க. கேபிளை மாத்திப் பார்த்து டிஸ்க் நல்லா இருக்குன்னு உறுதியான பிறகு, மவுண்ட் பண்ணாத நிலைமையில எஃப்எஸ்சிகே முழுசா ஓட்டுங்க.